மாடி யன்னலும் கிணற்றடியும்: வளவு மறைப்புப் பற்றி வாசகர் கேள்விகள்

ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரை கரையோர ஊர்களில் காணித் துண்டுகள் சிறுத்துப்போயின. வீடுகள் மேலே எழும்புகின்றன. ஆளுயர வேலி போதுமாயிருந்த வளவுக்குள் இன்று அயல் வீட்டு மாடி யன்னல் எட்டிப் பார்க்கிறது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியவை. எல்லாருக்கும் பொதுவாக ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம்: எல்லையில் எதையும் உயர்த்துவதற்கு முன், பார்வை எங்கிருந்து புறப்பட்டு எங்கே வந்து விழுகிறது என்று அளந்து பாருங்கள். அளக்காமல் செய்த செலவில் பாதி வீணாகும்.

கேள்வி: எங்கள் வளவின் கிழக்கு எல்லையில் 6 அடி மதில் இருக்கிறது. அடுத்த வளவில் புதிதாக மாடி கட்டியிருக்கிறார்கள். மேல் யன்னலில் நின்றால் எங்கள் கிணற்றடி முழுக்கத் தெரியும். உம்மாவும் தங்கச்சிமாரும் குளிக்கவும் உடுப்புக் கழுவவும் சங்கடப்படுகிறார்கள். மதிலை இன்னும் 6 அடி உயர்த்தினால் சரிவரும் என்கிறார் மேசன். செய்யலாமா?
— வாசகி, ஏறாவூர்

பதில்: மதிலில் கை வைக்க வேண்டாம், சகோதரி. கணக்கைப் பாருங்கள். மாடித் தளம் நிலத்திலிருந்து 10 அடி, அங்கே நிற்பவரின் கண் இன்னும் 5 அடி. ஆக 15 அடி. யன்னல் மதிலிலிருந்து 10 அடி தள்ளி இருக்கிறது, கிணற்றடி மதிலிலிருந்து 20 அடி உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்கும் ஒரு பெண்ணின் தலை 5 அடி உயரம். அந்தக் கண்ணிலிருந்து இந்தத் தலைக்கு ஒரு நூல் பிடித்தால், அது மதிலைக் கடக்கும் இடத்தில் உயரம் 11 அடி 8 அங்குலம். மேசன் சொன்ன 12 அடி அந்த வகையில் சரிதான். ஆனால் அதே நூல் கிணற்றடிக்கு 4 அடி முன்னால் வரும்போது 6 அடி 4 அங்குலத்துக்கு இறங்கிவிடுகிறது. மறைப்பை ஆளுக்கு அருகே கொண்டுவந்தால் பாதி உயரம் போதும்.

குளிப்பவர் ஒரே இடத்தில் நிற்கமாட்டார். மறைப்பிலிருந்து 8 அடி தள்ளி நிற்கும்போதும் தலை தெரியக் கூடாது என்றால் 7 அடி 4 அங்குலம் வேண்டும். ஏழரை அடி என்று முடிவுசெய்யுங்கள். உங்கள் வளவின் அளவுகள் வேறாக இருக்கலாம். அதற்குக் கணக்குத் தேவையில்லை. கிணற்றடியில் நீங்கள் நிற்கக்கூடிய மிகத் தூரமான இடத்தில் நில்லுங்கள். மறைப்பு வரப்போகும் இடத்தில் தம்பி ஒருவரை நீளத் தடியோடு நிறுத்தி, தடியில் கையை மெல்ல மேலே ஏற்றச் சொல்லுங்கள். அவர் கை யன்னலின் மேல் விளிம்பை உங்கள் கண்ணுக்கு மறைக்கும் இடத்தில் அடையாளம் வையுங்கள். அதற்கு மேல் அரை அடி கூட்டினால் அதுதான் உங்கள் உயரம். உங்களுக்கு யன்னல் தெரியாவிட்டால், யன்னலுக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.

மதிலை இரட்டிப்பு உயரமாக்கினால், காற்று தள்ளும்போது அடியில் விழும் புரட்டுவிசை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்காகும். 6 அடிக்குப் போட்ட அத்திவாரமும் 4 அங்குலக் கல்லும் மணல் நிலத்தில் அதைத் தாங்காது. 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்ட மாவட்டம் இது. விழும் மதில் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. கிணற்றடியின் கிழக்குப் பக்கம் 12 அடி, யன்னல் சரிந்து பார்க்கும் பக்கம் 6 அடி, 'ட' வடிவில் ஒரு மறைப்பு. 6 அடிக்கு ஒன்றாக 4 தூண். 2 அங்குல ஜி.ஐ. பைப், ஒவ்வொன்றும் 10 அடி; இரண்டரை அடி மண்ணுக்குள், ஏழரை அடி மேலே. குழி ஒரு அடிச் சதுரம், இரண்டரை அடி ஆழம். சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, முக்கால் அங்குலக் கல் நான்கு என்ற கலவை. 50 கிலோ பை ஒன்றில் இரண்டு குழி நிரம்பும். ஆக இரண்டு பை. கொங்கிறீற்றை மண்மட்டத்துக்கு ஒரு அங்குலம் மேலே கொண்டுவந்து, தூணைச் சுற்றிச் சரிவாகப் பூசுங்கள். தண்ணீர் தேங்கினால் தூண் பைப் மண்மட்டத்தில்தான் முதலில் துருப்பிடித்து ஒடியும். பைப்பின் மேல் வாயை மூட மறக்காதீர்கள். திறந்த பைப்புக்குள் மழைத்தண்ணீர் நின்றால் நுளம்பு முட்டையிடும். ஒரு கிழமை கழித்தே மறைப்பைக் கட்டுங்கள்.

தூணுக்குத் தூண் மூன்று குறுக்கு வரிச்சு. அதில் கிடுகு கட்டினால் மலிவு. வசதி இருந்தால் 3 அங்குலப் பலகைச் சட்டங்களைப் படுக்கையாக, 45 பாகை சரித்து, வெளி விளிம்பு தாழ்ந்தும் உள் விளிம்பு உயர்ந்தும் இருக்கும்படி அடியுங்கள். காற்று வரும், மழைச்சாரல் வெளியே வடியும், மேலிருந்து வரும் பார்வை சட்டத்தில் முட்டி நின்றுவிடும். சட்டங்கள் 2 அங்குலத்துக்கு ஒன்றாக வர வேண்டும். 3 அங்குலத்துக்கு ஒன்று வைத்தால் தூர யன்னலிலிருந்து பார்வை இடுக்கால் புகும். சரிவை மாற்றி அடிப்பதுதான் தச்சர்கள் அதிகம் விடும் பிழை. வெளி விளிம்பு உயர்ந்தால் அது மேலிருந்து பார்ப்பவருக்குத் திறந்த யன்னல். கீழே ஒரு அடி வெறுமையாக இருக்கட்டும். தரை காயும், பாசி பிடிக்காது, உம்மாவுக்கு வழுக்காது.

அயல் வீடு எல்லையோடு ஒட்டி நின்று பார்வை செங்குத்தாக இறங்கினால் தலைக்கு மேல் பந்தல்தான் வழி. 7 அடி உயரத்தில், ஒரு அடிக்கு ஒன்றாகக் கம்பி இழுத்துக் கொடித்தோடை ஏற்றுங்கள். ஒரு வருடத்துக்குள் மூடிவிடும். அதுவரைக்கும் பயற்றை விடலாம். பந்தல் கழுவும் கல்லுக்கு மேலே வரட்டும், கிணற்று வாய்க்கு மேலே வேண்டாம். இலை விழுந்து தண்ணீர் கெடும்.

கேள்வி: மேல்மாடிக்குப் பச்சை வலை கட்டினோம். பகலில் நல்ல மறைப்பு. இரவில் விளக்குப் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தெருவுக்குத் தெரிகிறதாம். வலை தரம் குறைந்ததா?
— வாசகர், காத்தான்குடி

பதில்: வலையில் குறையில்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுதலோ அந்தப் பக்கத்தை இருட்டிலிருக்கும் கண் வலையூடே பார்த்துவிடும். பகலில் வெயில் வலையின் வெளிமுகத்தில் விழுகிறது. பார்ப்பவர் கண்ணில் வலையே பளிச்சிடுகிறது. இரவில் விளக்கு உள்ளே, தெரு இருட்டு. ஆகவே விளக்கை இடம் மாற்றுங்கள். நடுக்கூரையில் தொங்கும் விளக்கை அணைத்துவிட்டு, வலைக்கு அருகே தலைக்கு மேல், வெளிச்சம் வலையின் வெளிமுகத்தில் படும்படி ஒரு சிறிய விளக்குப் பூட்டுங்கள். உள்ளே மங்கலான வெளிச்சம் போதும். அதுவும் ஒத்துவராவிட்டால் இரண்டாவது வலையை முதல் வலையிலிருந்து 3 அங்குலம் தள்ளிக் கட்டலாம். இரண்டையும் ஒட்டிக் கட்டினால் வலைக் கண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பயன் குறையும்.

வலையை விறைப்பாக இழுத்துக் கட்டினால் கச்சான் காற்று வீசும் காலத்தில் வளையம் பிய்யும். விளிம்பை மடித்து, கயிறு கோத்து, அடிக்கு ஒரு கட்டுப் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சூறாவளி எச்சரிக்கை வந்தால் அவிழ்த்து எடுக்கக்கூடிய முடிச்சாக இருக்க வேண்டும். மாடியில் கட்டிய வலை பாய்மரம் போலக் காற்றைப் பிடித்து, கட்டிய தூணையும் சேர்த்துப் பிடுங்கும்.

கேள்வி: 40 அடி நீளத்துக்குக் கிடுகு வேலி அடைக்க எத்தனை கிடுகு வேண்டும்? அடைத்து ஒரு வருடத்துக்குள் கீழ்ப்பகுதி உக்கிப் போகிறது, ஏன்?
— வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: ஒரு கிடுகில் முக்கால் அடி வெளியே தெரிய, மிச்சத்தை அடுத்த கிடுகு மூடும்படி நிறுத்தினால் 40 அடிக்கு 54 போகும். உடைசல், ஓட்டைக்கும் சேர்த்து 60 வாங்குங்கள். கீழே உக்குவதற்குக் காரணம் மண்ணில் ஊன்றி நிறுத்துவதுதான். ஈரம் ஏறும், பின்னால் கறையான் ஏறும். கிடுகின் அடி மண்ணிலிருந்து 4 அங்குலம் உயர்ந்து நிற்கட்டும். அந்த இடைவெளியைக் கல் வரிசை ஒன்றால் அடைத்தால் கோழியும் போகாது. வாங்கும்போது ஓலை நன்றாக ஊறவைத்துப் பின்னியதா என்று பாருங்கள். ஊறாத ஓலை காய்ந்ததும் சுருண்டு, பின்னல் கழன்று கண் விடும்.

தகரம் நீடிக்கும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நீடிக்கும்தான். ஆனால் பங்குனி, சித்திரை வெயிலில் அதற்கு இரண்டு அடி தூரத்துக்குள் நட்ட கத்தரியும் மிளகாயும் வெந்துபோகும். அயலவருக்கும் கண் கூசும். வீட்டின் நிழல் விழும் பக்கத்துக்கு மட்டும் சொல்லுவோம்.

கேள்வி: கிளிசீடியாக் கதியால் போட்டு மூன்று வருடமாகிறது. மேலே காடு, கீழே வெறும் தடி. முற்றத்தில் இருந்தால் ஒழுங்கையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிகிறோம். போதாததற்கு வெயில் காலத்தில் இலை முழுவதும் கொட்டிவிடுகிறது.
— வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: எல்லா ஊரிலும் காணும் குறை இது. கதியாலை 6 அடிக்கு நட்டுவிட்டு அப்படியே விட்டால் நுனியிலிருந்து மட்டும் துளிர்க்கும். மேல் தழை கீழே வெயிலை விடாது. கீழ்க் கண்கள் உறங்கிவிடும். வேலி மறைக்க வேண்டிய உயரம் இரண்டிலிருந்து ஐந்து அடி. அந்த இடத்தில்தான் உங்களுக்குத் தடி நிற்கிறது.

இருப்பதைத் திருத்துவதற்குத் துணிவு வேண்டும். மாரி முடிகிற தையில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஒன்று விட்டு ஒன்றாகக் கதியால்களை மூன்றடிக்கு வெட்டுங்கள். நல்ல கூர்க்கத்தியால் சரிவாக வெட்ட வேண்டும். மொட்டைக் கத்தி பட்டையைப் பிளக்கும், பிளவுக்குள் தண்ணீர் இறங்கி அழுகும். வெட்டிய இடத்துக்குக் கீழே பல துளிர் வரும். அவை கைநீளம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கத்துக்கு விரியும். மற்றப் பாதியை அடுத்த மாரி தொடங்கியதும் வெட்டலாம். ஒரேயடியாக வெட்டினால் மாதக்கணக்கில் வளவு திறந்து கிடக்கும்.

இலை கொட்டுவதும் இதோடு சேர்ந்த விசயம். வெட்டாத கிளிசீடியா மாரிக்குப் பின் இலையை உதிர்த்துவிட்டுப் பூக்கும். பூக்குமுன் வெட்டிய மரத்தின் புதுத்துளிர் வறட்சியிலும் ஓரளவு இலையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் வைகாசிக்குப் பின் கச்சான் வீசும்போது கத்தியை எடுக்க வேண்டாம். அந்தக் காய்ச்சலில் வெட்டிய மரம் பட்டுப்போகலாம்.

கீழ் இடைவெளிக்கு ஆடாதோடை நடுங்கள். ஆடும் மாடும் தொடாது, அரை நிழலிலும் வளரும், தடியை முறித்து நட்டாலே பிடிக்கும். கதியாலுக்கு ஒரு அடி உள்ளே, ஒன்றரை அடிக்கு ஒன்று. இரண்டு மாரி போனால் கீழே கண் தெரியாத அடைப்பு.

புதிதாகப் போடுபவர்களுக்கு: முற்றிய தடி, ஒன்றரை முதல் 2 அங்குலத் தடிப்பு, 5 அடி நீளம். இளந்தடி அழுகும். வெட்டி ஓரிரு நாள் நிழலில் நிறுத்திவையுங்கள். அலவாங்கால் ஒரு அடி ஆழத்துக்குக் குழி குத்தி அதில் இறக்க வேண்டும். தலையில் அடித்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்து வேர்விடாது. இரண்டு வரிசை, வரிசைக்கிடையில் ஒரு அடி, ஒன்றின் இடைவெளிக்கு நேரே மற்றது. நடுவதற்கு நல்ல காலம் ஐப்பசி முதல் மழை.

கேள்வி: கடலிலிருந்து 150 யார் தூரத்தில் வீடு. செவ்வரத்தை நட்டோம், குரோட்டன் நட்டோம், எல்லாம் நுனி கருகுகிறது. மணலில் மறைப்பாக வளரக்கூடியது எது?
— வாசகி, திருக்கோவில்

பதில்: உப்புக்காற்று முதலில் முட்டுகிற வரிசையில் செவ்வரத்தை நிலைக்காது. முன்வரிசைக்குப் பூவரசுக் கதியால். அதன் பின்னால் போகன்வில்லா அல்லது நொச்சி. அதற்கும் பின்னால்தான் நீங்கள் விரும்பும் செவ்வரத்தை. அலரியும் கடற்காற்றைத் தாங்கும், அடர்த்தியாகவும் வளரும். ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. சிறுபிள்ளைகளும் ஆடுகளும் உள்ள வளவில் வேண்டாம். வெட்டிய தடியை அடுப்பிலும் வைக்கக் கூடாது. சவுக்கு சீக்கிரம் உயரும் என்று பலர் நடுகிறார்கள். வயது போகக் கீழ்க் கிளைகள் காய்ந்து தண்டு தெரியும். தாழ வெட்டினால் துளிர்க்காமல் பட்டுப்போகும். தாழை பெரிய காணிக்கு நல்லது, சின்ன வளவில் முள்ளோடு நடமாட முடியாது.

மணலில் நேரே நட்டால் ஊற்றிய தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். ஒன்றரை அடிக் குழி வெட்டி, அடியில் தேங்காய் உரிமட்டையை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு வரிசை அடுக்குங்கள். அதன்மேல் மாட்டெரு ஒரு பங்கு, மேல்மண் இரண்டு பங்கு. முதல் இரண்டு வருடம் கடல் பக்கம் ஒரு கிடுகுத் தட்டி நிற்க வேண்டும். தட்டி இல்லாமல் நட்டால் பூவரசுகூடச் சாய்ந்து வளரும். மாரியில் பலத்த வாடைக்காற்று அடித்த மறுநாள் கிணற்றுத் தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் இரண்டரை அடிதான் இருக்கிறது. அதற்குள் என்ன நட்டு மறைக்கலாம்?
— வாசகர், சாய்ந்தமருது

பதில்: மரம் வேண்டாம். பூவரசும் அத்தி வகைகளும் அந்த ஒடுக்கத்தில் அத்திவாரத்தையும் மலசலகூடக் குழியையும்தான் தேடிப் போகும். மதிலின் உட்பக்கம் தனித் தூண் நாட்டி, ஒரு அடிக்கு ஒரு கம்பி இழுத்து, கொடி விடுங்கள். மல்லிகை மெதுவாக மூடும், நீண்டகாலம் நிற்கும். சங்குப்பூ சீக்கிரம் மூடும், ஆனால் அடிக்கடி மாற்றி நட வேண்டும். இரண்டையும் சேர்த்து நட்டால் ஒன்று வரும்வரை மற்றது மறைக்கும். கம்பியை மதிலில் ஆணியடித்துக் கட்டாதீர்கள். பூச்சு உடையும், மதில் அயலவருடையதாக இருந்தால் மனமும் உடையும். நாளுக்கு மூன்று நாலு மணி நேர வெயில்கூட விழாத இடமென்றால் கொடி மேலே மட்டும் பச்சையாகும். அங்கே சரிந்த சட்டப் பலகைதான் பொருத்தம்.

மூங்கில் பற்றிக் கேட்டவர்களுக்கும் இதிலேயே சொல்கிறோம். புதராக வளரும் வகை நல்ல மறைப்பு, ஆனால் 6 அடி அகலம் வேண்டும். வெட்டும்போது கணுவுக்குச் சற்று மேலே, கணுவோடு ஒட்டி வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் குழாய் மிஞ்சி மழைத்தண்ணீர் தங்கும். டெங்கு நுளம்புக்கு அது போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் வளவுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுக் கமரா எங்கள் முற்றத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கேட்டால் "களவுக்குத்தான்" என்கிறார்.
— வாசகி, அக்கரைப்பற்று

பதில்: அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். பெரும்பாலான கமராக்களின் அமைப்புப் பகுதியில், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைத்துவைக்கும் வசதி உண்டு. கமரா பூட்டியவரை அழைத்து உங்கள் முற்றம் விழும் பகுதியை மறைக்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலை. மறைத்த பின் அவருடைய திரையில் ஒரு தடவை உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கமராவும் மேலிருந்து பார்க்கிற கண்தான். தடி பிடித்து அளந்த முறையில் அதற்கும் மறைப்பு வைக்கலாம்.

கேள்வி: எல்லையில் மறைப்பு வைக்கப்போனால் அயலவர் தன் காணிக்குள் அரை அடி வருகிறது என்று தடுக்கிறார். யாரிடம் போக வேண்டும்?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: பழைய வேலியை எல்லையென்று நம்ப வேண்டாம். கதியால் தடிக்கத் தடிக்க வேலி நகரும். உறுதியோடு உள்ள வரைபடத்தை எடுத்து, அனுமதிபெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லைப் பிடியுங்கள். அளக்கும் நாளில் அயலவரையும் கூப்பிட்டு நிறுத்துங்கள். பிறகு பேச்சு வராது. மதில் கட்டுவதென்றால் தொடங்குமுன் பிரதேச சபையில் அனுமதி கேளுங்கள். மூலைக் காணியானால் வளைவில் வரும் வாகனம் தெரிய வேண்டும் என்பதையும் பார்ப்பார்கள்.

உங்கள் கடிதத்தின்படி மறைக்க வேண்டியது பின் விறாந்தையை மட்டும். அப்படியானால் எல்லையை விட்டு மூன்றடி உள்ளே வந்து விறாந்தைக்குக் கிட்ட மறைப்பை வையுங்கள். உயரமும் குறையும், வழக்கும் இல்லை, பின்னால் நின்று வேலியை வெட்டித் திருத்தவும் இடம் கிடைக்கும். அயலவரின் யன்னலுக்குக் கீழ்ப்பாதிக்கு மட்டும் பால்நிற ஒட்டுத்தாள் ஒட்டித் தரலாமா என்று, செலவை நீங்கள் ஏற்றுக் கேட்டுப் பாருங்கள். எல்லா வழிகளிலும் மலிவானது அது. அவருக்கும் வெளிச்சம் பெரிதாகக் குறையாது.

பேச்சு முறிந்துவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபையின் தவிசாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. அங்கே சட்டத்தரணி இல்லை, இரு தரப்பும் நேரே பேச வேண்டும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். நீதிமன்றம் போவதென்றால் அது தேவைப்படலாம். சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். வரைபடத்தின் பிரதியையும், மறைப்பு வைக்கும் இடத்தைக் கைபேசியில் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்களையும் கையில் கொண்டு போங்கள்.